தாழ்ப்பாள் கழன்று விழுந்த நல்ல சேதி

பாலிகஞ்ச், கொல்கத்தா
சரஸ்வதி பூஜைக்கு மறுநாள்

மதிப்பிற்குரிய சுந்தரவல்லி மதினி அவர்களுக்கு,

சிபி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் சுகம். சுபிக்ஷா மிக மிகக் கோபமாக இருக்கிறாள். அங்கு பாளையங்கோட்டையில் தங்கள் நலத்தையும், கோவிந்தராஜன் அண்ணாச்சியின் முழங்கால் நலத்தையும், புதிதாகப் போட்ட போர்வெல்லில் தண்ணீர் வந்ததா என்பதையும் அறிய ஆவல்.

ஒரு நல்ல சேதி சொல்லத்தான் இந்தக் கடிதம். நேற்றுக் காலை உங்கள் தங்கை மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள். சாதாரணக் கத்தல் இல்லை மதினி. கீழ்வீட்டு வங்காளி அம்மாள் சுப்ரியா மாஷிமா காது மிஷினைக் கழற்றி வைத்திருந்தும் சத்தம் கேட்டு மாடியேறி வந்துவிட்டார். கத்தி முடித்து அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சாத்திய வேகத்தில் வெளிப்பக்கத் தாழ்ப்பாள் திருகாணியோடு கழன்று என் காலடியில் விழுந்தது. இதை மிகுந்த மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன். பதறிப்போய் போனை எடுக்காதீர்கள். முழுதும் படித்துவிட்டு எடுங்கள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் உங்களிடம் பேசியதே இல்லை மதினி. நீங்கள் பேசுவீர்கள், நான் சரி என்பேன். உங்கள் கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பையன் மாதிரி ஆகிவிட்டேன். வாட்ஸப்பில் குரல் பதிந்து அனுப்பினால் அதைக் கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் அதைவிட நீளமாகப் பதில் அனுப்பிவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் நீங்கள் குறுக்கே பேச முடியாது. தவறாக நினைக்க வேண்டாம், இதில் உங்கள் குற்றம் ஒன்றும் இல்லை. உங்கள் தங்கை கலா போனதிலிருந்து நான் எல்லாருக்குமே சரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு வாரத்தில் இல்லை என்று ஆன அந்த மழைக்காலத்திலிருந்து என் வாயில் வேறு வார்த்தை வருவதில்லை. ஆபீசில் யாருக்கும் வேண்டாத வேலைக்குச் சரி. பூஜை வசூலுக்கு வந்த இரண்டு எதிரெதிர் கிளப்புகளுக்கும் சரி. ஒரு யோகா வகுப்புக்குச் சரி சொல்லி இன்னும் போகவில்லை. ஒரு நாய்க்குட்டிக்குச் சரி சொல்லி அது வீட்டுக்கே வந்துவிட்டது. சுபிதான் அதைத் தூக்கிக்கொண்டு போய், மன்னிப்புக் கேட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

தலைத்திவசத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது அவளைப் பார்த்து என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "தங்கமான பிள்ளை. வீட்ல ஆள் இருக்கிற சத்தமே இல்ல" என்றீர்கள். உண்மை. சத்தமே இல்லாமல்தான் இருந்தோம். காலையில் நான் டீ வைத்தால் "தேங்க்யூப்பா" என்பாள். தோசை கருகினால் "பரவாயில்லப்பா, நல்லாருக்கு" என்பாள். நான் அவள் அறைக் கதவைத் தட்டி "உள்ளே வரலாமா?" என்பேன். ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறையில் தங்கியிருக்கிற இரண்டு மெடிக்கல் ரெப்புகள் மாதிரி அவ்வளவு மரியாதையாக இருந்தோம். ஊருக்குக் கிளம்பும்போது "பரீட்சை முடிஞ்சதும் பிள்ளைய எங்கிட்ட அனுப்பிருங்க, கான்வென்ட்ல சீட்டுக்குச் சொல்லி வச்சிட்டேன், பொம்பளப் பிள்ளைய ஆம்பள தனியா எப்படி வளப்பீங்க" என்று கேட்டீர்கள், பிறகு போனிலும் கேட்டீர்கள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது டாக்டர் காமு விஷயத்துக்கு வருகிறேன். அவரால்தான் எல்லாம்.

டாக்டர் காமு வெங்கடநாராயணன் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மனோதத்துவப் பேராசிரியை. அவருடைய கொள்ளுத்தாத்தா ஏதோ வெள்ளைக்காரன் கம்பெனியில் கிளார்க்காக வந்து பவானிபூரில் குடியேறிய குடும்பம். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான், வேலை வெளிநாட்டில், இப்போது ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறார். பேசுகிற தமிழ் மட்டும் அந்தக் கொள்ளுத்தாத்தா ரயிலில் கொண்டுவந்த அதே தமிழ். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளும் பெற்றவர்களும் ஒருத்தரோடு ஒருத்தர் எப்படி இருக்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள், எப்படிச் சமாதானம் ஆகிறார்கள் என்று தேசம் தேசமாகப் போய்ப் பார்ப்பதுதான் அவர் ஆராய்ச்சி. சண்டையை நிறுத்துவது அவர் வேலை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. இதற்குச் சம்பளம் உண்டு என்பது எனக்கும் புதிதுதான்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் வந்து, "உங்காத்துல பதிமூணு வயசுக் கொழந்தை இருக்காமே, எங்க ஆராய்ச்சில சேந்துக்கறேளா?" என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இதுவும் உங்களுக்கே தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நாற்காலி மேல் ஏறி ஃப்ரிட்ஜ் தலையில் ஒரு கேமராவை வைத்தார். என்னையும் சுபியையும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார வைத்து, சில அட்டைகளைப் பரப்பினார். செல்போன், சிநேகிதிகள், படிப்பு, அறை சுத்தம், உடுப்பு என்று ஒவ்வொன்றிலும் ஒரு விஷயம். "எதுல ஒங்களுக்குள்ள ஒத்துப்போகலயோ அதை எடுத்து ஒரு கால்மணி நேரம் பேசுங்கோ. நான் இருக்கேன்னு நெனைக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

சுபி செல்போன் அட்டையை எடுத்தாள்.

"நான் போன் ரொம்பப் பாக்குறேன்ப்பா. குறைச்சுக்கிறேன்."

"இல்லம்மா, அவ்வளவு ஒண்ணும் பாக்கல. நான்தான் ரொம்பப் பாக்குறேன்."

"உங்களுக்கு ஆபீஸ் வேலைல்லப்பா."

"உனக்கும் படிப்புக்கு வேணும்ல."

"தேங்க்யூப்பா."

"பரவாயில்லம்மா."

அறை சுத்தம் அட்டை. அறை சுத்தமாக இருந்தது. சிநேகிதிகள் அட்டை. எனக்கு அவள் சிநேகிதி ஒருத்தி பேர்கூடத் தெரியாது, அதனால் எல்லாரும் நல்ல பிள்ளைகள் என்றேன். கால்மணி நேரத்துக்குச் சொன்னது ஐந்து நிமிஷத்தில் எல்லா அட்டையும் தீர்ந்துபோய் மூன்று பேரும் ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதல் மார்க் வாங்கிய மாதிரி டாக்டரைப் பார்த்தேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. சுபியை உள்ளே அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்: "எத்தனையோ ஊர்ல எத்தனையோ ஆத்துல ஒக்காந்திருக்கேன். தட்டு பறக்கும். ஒரு கொழந்தை ஜன்னல் வழியா ஓடியே போச்சு. இங்க என்ன, ரெண்டு பேரும் பேங்க் கவுன்டர்ல பேசற மாதிரி பேசறேள்? அது சரி, பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் ரெண்டு பேரும் அந்தச் சமையலறை வாசலைப் பாக்கறேளே, அங்க யார் நிக்கறா?"

யாரும் இல்லை என்றேன். கலாவைப் பற்றிச் சொன்னேன். சர்வர் எப்போது நின்றது, எப்போது தகவல் வந்தது என்று ஆபீசில் ரிப்போர்ட் கொடுப்பேனே, அந்தக் குரலில் சொன்னேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த வயசுக் கொழந்தை அப்பாவோட சண்டை போடலேன்னா, எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். இல்லேன்னா, நாம சண்டை போட்டா இந்த மனுஷன் ஒடஞ்சு போயிடுவான்னு அது பயப்படறதுன்னும் இருக்கலாம். எதுன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் பாக்கணும்."

மதினி, அன்றைக்குத்தான் எனக்கு எங்கள் வீட்டு வயரிங் புரிந்தது. நானும் சுபியும் நேருக்கு நேர் சண்டை போட்டதே கிடையாது. கலா இருக்கும்போதும் கிடையாது. ஒரே சோபாவில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், நான் சமையலறையைப் பார்த்து, "கலா, உன் பொண்ணுட்ட டிவியை அணைக்கச் சொல்லு" என்பேன். அவளும் சமையலறையைப் பார்த்து, "அம்மா, அப்பாட்ட அஞ்சு நிமிஷம்னு சொல்லு" என்பாள். கலா அங்கே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கி, கல் மண் பொறுக்கி, அலசி, மறுபக்கம் அனுப்புவாள். நான் "அறிவில்லையா" என்று சொன்னது சுபிக்கு "அப்பாவுக்குத் தலைவலியாம்" என்று போய்ச் சேரும். அவள் "இந்த அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றது எனக்கு "பிள்ளைக்குப் பசி போல" என்று வந்து சேரும். நான் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன். நடுவில் சேதியை வாங்கிக் கடத்துகிற ஸ்விட்ச் பெட்டி உறைந்துபோனால் இரண்டு முனையிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் ஒரு சேதி போகாது. இத்தனை மாதம் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சரி, கோளாறு தெரிந்துவிட்டது, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. சிஸ்டம் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க, வேண்டுமென்றே ஒரு கோளாறை உள்ளே நுழைத்துப் பார்ப்போம். ஆகவே வேண்டுமென்றே கெட்ட அப்பாவாக இருக்க ஆரம்பித்தேன். அவளிடம் சொல்லாமல் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். "பரவாயில்லப்பா, புக் படிக்கிறேன்" என்றாள். உப்புமா அவளுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும், லீவுக்கு வந்த இடத்திலேயே உங்கள் வீட்டு உப்புமாவைத் தொட்டியில் கொட்டியவள். காலை உப்புமா, ராத்திரி உப்புமா, மறுநாள் டிபன் டப்பாவிலும் உப்புமா வைத்தேன். காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்திவிட்டு, "தேங்க்யூப்பா" என்றாள். டாக்டருக்கு போன் செய்து, "ஒண்ணும் ஆகல மேடம்" என்றேன். "என்ன பண்ணிண்டிருக்கேள் நீங்க! இதெல்லாம் யார் பண்ணச் சொன்னா!" என்று அவர் கத்தினார். எங்கள் வீட்டு விஷயத்தில் முதலில் கத்தியது அவர்தான்.

அதற்கும் அடங்காமல்தான் அந்த இலந்தைப் பழத்தை வாங்கி வந்தேன். நம்ம ஊரில் நவராத்திரியோடு முடிகிற சரஸ்வதி பூஜை இங்கே குளிர் முடிகிற சமயத்தில் தனியாக வரும். அதுவரை பள்ளிக்கூடத்துப் பிள்ளை எதுவும் இலந்தைப் பழம் தொடாது. சரஸ்வதிக்கு முன்னால் நாம் தின்றுவிட்டால் பரீட்சையில் முட்டை என்பது இங்கே பிள்ளைகளின் சட்டம். சுபி மூன்று வயதில் இந்த ஊருக்கு வந்தவள். தமிழில் சண்டை போடத் தெரியுமோ தெரியாதோ, இதில் அவள் முழு வங்காளி. கலா ஒருமுறை தெரியாமல் ஒன்றை வாயில் போட்டதற்கு அன்று முழுதும் அழுதவள். நான் ஒரு கிண்ணம் நிறைய இலந்தைப் பழத்தை அவள் முன்னால் வைத்து, "சாப்பிடு, சத்து" என்றேன். பூஜைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சமையலறை வாசலைப் பார்த்தாள். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மென்று, கொட்டையைத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, "நல்லாருக்குப்பா" என்றாள்.

மதினி, அவ்வளவு பயமா இந்தப் பிள்ளைக்கு? என்னைப் பார்த்து இல்லை, எனக்காக. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினேன். அதோடு சோதனையை எல்லாம் நிறுத்திவிட்டேன். பாஸ்வேர்டையும் பழையபடி மாற்றினேன். தோற்றுவிட்டேன், பிள்ளை உங்களிடம் வருவதுதான் நல்லது என்றுகூட அன்றைக்கு நினைத்தேன்.

நேற்றுப் பூஜை. இந்த ஊரில் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சுற்றுவார்கள். பஸ், ஆட்டோ, மெட்ரோ எங்கே பார்த்தாலும் மஞ்சள். முதன்முதலாகச் சேலை கட்டுகிற நாள் பலருக்கும் அதுதான். கலா இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு கடுகுப்பூ நிறச் சேலை வாங்கினாள். "உனக்குப் பதிமூணு முடியட்டும், இத நீயே கட்டிக்கோ" என்று சுபியிடம் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. இவர்கள் இருவருக்கும் நடுவில் ஸ்விட்ச் எதுவும் வேண்டியிருக்கவில்லையே, நேர் இணைப்பு.

காலையில் நான் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சுபி மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"அம்மாவோட மஞ்சச் சேலை எங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலைத்திவசம் முடிந்து நீங்கள் கிளம்பும்போது, "கலா சேலையெல்லாம் சும்மா கிடக்கே, சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டா புண்ணியம்" என்றீர்கள் இல்லையா?

"பெரியம்மா கொண்டுபோனாங்கம்மா."

"யாரு குடுத்தா?"

"கேட்டாங்க. நான் சரின்னேன்."

"சரின்னீங்க." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாத்துக்கும் சரி. நாய்க்குட்டிக்கும் சரி, சேலைக்கும் சரி. ஆரே பாபா, என்னையும்தான் கேட்டாங்க. அதுக்கும் சரின்னுதானே சொன்னீங்க?"

"உனக்கு யாரு சொன்னா?"

"நீங்க போனை ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசுவீங்க! எனக்கு மட்டுமா தெரியும், மாஷிமாவுக்குத் தெரியும், லிஃப்ட்காரருக்குத் தெரியும்! சேலையக் கேக்காம குடுத்தீங்க, என்னையும் கேக்காம குடுத்தீங்க. தனித்தனியா எதுக்கு? ரெண்டையும் ஒரே பையில வச்சு அனுப்பிருக்கலாம்ல!"

"தெரிஞ்சுதுன்னா போக மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என் குரல் எனக்கே கேட்டு ரொம்ப நாளாயிற்று மதினி, சத்தமாக வந்தது. "வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"எப்படிச் சொல்ல? சொன்னா நீங்க அழுவீங்க!"

"நான் எங்க அழுதேன்? எப்ப அழுதேன்?"

"அதான்! அழவே இல்ல! அம்மாவக் கொண்டுபோன அன்னைக்கு வாஷிங் மெஷினக் கழட்டி ரிப்பேர் பண்ணிட்டிருந்தீங்க!"

"அது லீக் ஆச்சு!"

"லீக் ஆகட்டுமே! வீடு முழுக்க ஆகட்டுமே! இலந்தைப் பழத்த வேற தின்ன வச்சீங்க! கணக்குல முட்டை வாங்குனா நீங்கதான் வந்து டீச்சர்ட்ட சொல்லணும்!"

"கலா, பாரு உன் பொண்ணு பேசுற பேச்ச!"

"அம்மா, பாரும்மா இந்த அப்பாவ!"

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறை வாசலைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டு நின்றோம். அங்கே யாரும் இல்லை. சரியாக அப்போது குக்கர் ஒரு விசில் அடித்தது. உங்கள் தங்கையை உங்களுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரையும் இப்படித்தான் அதட்டியிருப்பாள்.

சுபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததில் கோபம் இன்னும் ஏறிவிட்டது. அப்போதுதான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது. நான் அதைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று விவரமாக எழுதவில்லை. அவள் கேட்ட லீக் ஒன்றரை வருஷம் தாமதமாக வந்தது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியைச் சட்டையில் துடைத்தால் சட்டையும் ஈரமாக இருந்தது.

அந்த நிலையில்தான் மாஷிமா மூச்சிரைக்க வந்து நின்றார். "கீ ஹொலோ? என்ன ஆச்சு? ஜொக்ரா?" என்றார். சண்டையா என்று கேட்கிறார். நான் தாழ்ப்பாளைக் காட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நெற்றிக்குக் கைகுவித்து ஒரு கும்பிடு போட்டார் மதினி, ஏதோ பிரசாதம் மாதிரி. "இந்த வீட்டுல ஆள் குடியிருக்கிறதா இல்லையான்னு எனக்குச் சந்தேகமாவே இருந்துச்சு" என்று வங்காளியில் சொல்லிவிட்டு, விஷயத்தைக் கேட்டார், கீழே போனார், தன் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் சேலையோடு வந்தார். அரைமணி நேரம் கதவுக்குப் பின்னால் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். கதவு திறந்தபோது சுபி சேலையோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது, முந்தானை ஒரு முழம் தரையில் கூட்டியது. பார்க்க யாரைப் போல இருந்தாள் என்று நான் சொல்ல வேண்டாம், போட்டோ அனுப்புகிறேன்.

வாசலில் அடுத்த சண்டை.

"ஏழு மணிக்கு வீட்ல இருக்கணும்."

"ஒம்போது."

"ஏழு."

"எட்டரை. அம்மான்னா எட்டரைன்னு சொல்லிருப்பா."

"உங்கம்மா ஆறுன்னு சொல்லிருப்பா!"

"சரி, எட்டு. போதுமா? வாட்ஸப்ல பத்துத் தடவை மெசேஜ் பண்ணக் கூடாது."

எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை என்னவென்று எழுதுவேன். நடுவில் ஆளில்லாமல், கேபிளை நேராகச் சொருகிய மாதிரி, சொன்னது சொன்னபடி போய்ச் சேருகிறது, திட்டு திட்டாகவே திரும்பி வருகிறது! உடனே டாக்டர் காமுவுக்கு போன் போட்டு, "மேடம், சண்டை போட்டோம் மேடம், தாழ்ப்பாளே போயிருச்சு" என்றேன். பவானிபூரிலிருந்து டாக்சி பிடித்து, ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் முதல் கேள்வி, "கேமராவை ஆன் பண்ணினேளோ?" இல்லை என்றதும் அந்த அம்மாள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "இவ்வளவு நல்ல சண்டையை இப்படி வீணடிச்சுட்டேளே" என்று ஒரு சந்தேஷை எடுத்துத் தானே தின்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, ஆராய்ச்சி எல்லாம் மறந்தவராக, "எங்கப்பா போறவரைக்கும் நான் அவரோட நேரா ஒரு சண்டை போட்டதில்லை தெரியுமோ. எல்லாம் அம்மா வழியாத்தான்" என்றார். அப்புறம் இன்னொரு சந்தேஷ் எடுத்துக்கொண்டார். சுபி எட்டேகாலுக்கு வந்தாள். அதற்கும் ஒரு சண்டை நடந்தது. நன்றாகவே நடந்தது.

ஆகவே மதினி, விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும். சுபிக்ஷாவை நான் அனுப்ப மாட்டேன். பரீட்சை முடிந்தும் அனுப்ப மாட்டேன், அடுத்த வருஷமும் அனுப்ப மாட்டேன். கான்வென்டில் அந்த சீட்டை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லுங்கள். அவளுக்கு எடுப்பதாகச் சொன்ன டிக்கெட்டை எடுக்க வேண்டாம். அவள் என்னோடுதான் இருப்பாள், என்னோடுதான் சண்டை போடுவாள். உங்கள் அன்பில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. கலாவுக்கு அம்மா ஸ்தானத்தில் இருந்தவர் நீங்கள், அவள் பிள்ளையை நினைத்து உங்களுக்குத் தூக்கம் இருக்காது என்பது தெரியும். ஆனாலும் இது என் முடிவு. ஒன்றரை வருஷத்தில் நானாக எடுத்த முதல் முடிவு. கடுகுப்பூ நிறச் சேலையை மட்டும், யாருக்கும் கொடுத்திராவிட்டால், தயவுசெய்து கூரியரில் அனுப்பிவையுங்கள். கொடுத்திருந்தால் திருப்பி வாங்கி அனுப்பிவையுங்கள். அதற்காக யாரோடாவது சண்டை போட வேண்டி வந்தால் போடுங்கள், நல்லதுதான்.

அண்ணாச்சி படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஏறச் சொல்லவும். உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் என்றும் அணையாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்கள் இருவரும் எங்கள் இருவரையும் இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வதிக்கவும்.

தங்கள் அன்புள்ள,
சிபி

பி.கு.: கவரில் போடுவதற்கு முன்னால் இதைச் சுபிக்குப் படித்துக் காட்டினேன். அவள் தமிழ் பேசுவாள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான், அதனால் நானே படித்தேன். ஆசையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், குக்கர் விசிலுக்குச் சிரிக்கவும் செய்தாள். "அனுப்ப மாட்டேன்" என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டாள். "யாரக் கேட்டு எழுதுனீங்க? போன தடவை என்னைக் கேக்காம சரின்னீங்க, இப்ப என்னைக் கேக்காம மாட்டேன்னு சொல்றீங்க. நான் போக மாட்டேன்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்? இருக்கப் போறேன்னும் எப்ப சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். விழுவதற்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆகவே மேலே என் முடிவு என்று எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சீட்டை இப்போதைக்கு யாருக்கும் கொடுக்கச் சொல்ல வேண்டாம்.

மதினி, மத்தியானத்திலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் போன் செய்து, சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறது, உப்புமா இல்லை என்று உங்கள் தங்கை மகளிடம் சொல்லவும். இருக்கணுமா போகணுமா, அவள் மனசில் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்கிறார் என்றும் சொல்லவும்.

இதை எழுதும்போது வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதியிருக்கிறேன் போல. உள்ளேயிருந்து குரல் வருகிறது. எழுதிக்கொள்ளச் சொல்கிறாள். கீழே உள்ளது அவள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது. ஒரு எழுத்தும் மாற்றவில்லை:

"பெரியம்மா, நான் சுபி. சேலைய கூரியர்ல அனுப்பாதீங்க, தொலைஞ்சிரும். லீவுக்கு நானே வந்து எடுத்துக்கிறேன். போக ஒரு டிக்கெட், திரும்பி வர ஒரு டிக்கெட், ரெண்டையும் ஒண்ணா எடுக்கச் சொல்லி எங்கப்பாட்ட சொல்லுங்க. இன்னொண்ணும் சொல்லுங்க. அவரு உங்ககிட்ட கேட்டதை, பேனாவக் கீழ வச்சிட்டு, கதவத் தட்டி, என்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

சரி மதினி. பேனாவைக் கீழே வைக்கிறேன்.